அபராதத்துக்கு ஆடித் தள்ளுபடி

ஆடி மாதத்தில் ஜவுளிக் கடைக்காரர் தள்ளுபடி செய்வதில் எனக்கு எந்தவித ஆட்சேபமும் கிடையாது. ஆடியில் கல்யாணம் இல்லை. புதுத் துணி எடுக்க ஆள் இல்லை. சரக்கு பெட்டி பெட்டியாகத் தேங்கிக் கிடக்கிறது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழையதைக் கழித்துக் கட்டியாக வேண்டும். ஆகவே 1,000 ரூபாய்ச் சேலையை 500 ரூபாய்க்குக் கொடுக்கிறார். கொடுக்கும்போது மனமே இல்லாதவர் போல முகத்தை வைத்துக்கொள்ளுகிறார். வாங்குகிறவருக்கும் லாபம், விற்கிறவருக்கும் நஷ்டமில்லை. சித்திரையில் அதே சேலையை முழு விலைக்கு எடுத்த அம்மாள் கொஞ்சம் வயிறெரிவாள். ஆனால் அதற்குள் அவள் அதைக் கட்டிக்கொண்டு நாலு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்துவிட்டாள். கணக்குச் சரியாகிவிடுகிறது.

சர்க்கார் இந்த வியாபாரத்தில் இறங்கினால்தான் எனக்கு ஆட்சேபம். அதிலும் சர்க்கார் பாதி விலைக்கு விற்கப் புறப்பட்டிருப்பது சேலையல்ல, தண்டனை.

விளையாட்டாகச் சொல்லவில்லை. தெலங்கானாவில் போக்குவரத்துப் போலீஸார் போட்ட அபராதங்கள் வசூலாகாமல் மலைபோல் குவிந்து கிடந்தன. 2022 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது. மோட்டார் சைக்கிள்காரரும் ஆட்டோக்காரரும் 100 ரூபாய் அபராதத்துக்கு 25 ரூபாய் கட்டினால் போதும். மீதி 75 தள்ளுபடி. கார், லாரிகளுக்குப் பாதிக்குப் பாதி. தள்ளுவண்டிக்காரருக்கு நூற்றுக்கு 80 தள்ளுபடி. சர்க்கார் பஸ்ஸுக்கு 70. மாதம் முடிந்ததும் ஏப்ரல் 15 வரை நீட்டினார்கள். ஏறத்தாழ 300 கோடி ரூபாய் சேர்ந்ததாகச் சொல்லி மகிழ்ந்தார்கள். 2023 டிசம்பர் 26ஆம் தேதி மறுபடியும் கடை திறந்தது. இந்தத் தடவை இன்னும் தாராளம்: மோட்டார் சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் 80, கார் லாரிகளுக்கு 60, தள்ளுவண்டிக்கும் சர்க்கார் பஸ்ஸுக்கும் 90. ஜனவரி 10 கடைசி என்றார்கள். பிறகு ஜனவரி 31 என்றார்கள். அப்புறம் பிப்ரவரி 15 என்றார்கள். ‘இன்னும் இரண்டே நாள்’ என்று பலகை மாட்டிவிட்டு இரண்டு மாதம் வியாபாரம் நடத்தும் கடைகளை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

கர்நாடகம் சும்மா இருக்குமா? அங்கே 2023 பிப்ரவரியில் பாதித் தொகை கட்டினால் போதும் என்றார்கள். சில நாட்களில் பெங்களூரில் மட்டும் 100 கோடிக்கு மேல் வசூல். அந்த ஆண்டிலேயே மறுபடியும் ஒரு தடவை. 2025 ஆகஸ்டு 23லிருந்து செப்டம்பர் 12 வரை இன்னும் ஒரு தடவை. உத்தரப் பிரதேசம் இந்தப் பாதிக் கணக்கெல்லாம் எதற்கு என்று, 2017 முதல் 2021 வரை போட்டு முடிவாகாமல் கிடந்த லட்சக்கணக்கான செலான்களைச் சட்டத்தின் பேரிலேயே அற்றுப்போகச் செய்துவிட்டது. வரி சம்பந்தப்பட்டவையும் கடுமையான குற்றங்களும் மட்டும் விதிவிலக்கு.

சர்க்கார் பஸ்ஸுக்கு 90 என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். சர்க்கார் பஸ் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறது. சர்க்கார் போலீஸ் அபராதம் போடுகிறது. சர்க்கார் கழகம் கட்டாமல் இருக்கிறது. கடைசியில் சர்க்கார் மனமிரங்கிச் சர்க்காருக்கே 90 ரூபாயை மன்னிக்கிறது. எங்கள் ஊர்த் தெருக்கூத்தில்கூட ஒரே ஆள் இத்தனை வேஷம் கட்டி நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் ஹைதராபாத் சமாசாரம், பெங்களூர் சமாசாரம், குத்தாலத்துக்காரனுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். (நான் சொல்லுவது மாயவரத்துக்கு மேற்கே காவிரிக் கரையில் உள்ள குத்தாலம். வல்லின றகரம் போட்டு எழுதுகிறவர்கள் தென்காசிப் பக்கத்து அருவியில் குளித்துவிட்டு வரட்டும். குற்றத்துக்கும் எங்கள் ஊருக்கும் எழுத்தளவில்கூடச் சம்பந்தமில்லை.) வந்தது என்னவென்றால், தமிழ்நாட்டிலும் இதுபோல ஒன்று வரவேண்டும் என்று ஜனங்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வரும் என்று நம்பிக் காத்திருக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

கல்லணையிலிருந்து காவிரியோடு சேர்ந்து பூம்புகாருக்குப் போகும் நெடுஞ்சாலை எங்கள் கடைத்தெருவைப் பிளந்துகொண்டு போகிறது. அறுவடைக் காலத்தில் அதில் நிற்க வேண்டும். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் டிராக்டர், மூட்டை ஏற்றிய லாரி, ரஸ்தாவின் முக்கால் அகலத்தை அடைத்துக்கொண்டு நகரும் அறுவடை யந்திரம், இவற்றுக்கு நடுவே கும்பகோணம் பஸ்ஸுக்கும் மாயவரம் பஸ்ஸுக்கும் போட்டி. போதாததற்கு ஓரத்தில் நெல் காய்கிறது. இந்தச் சந்தில் புகுந்து புறப்பட்டு வருகிறவர்கள்தான் நம் மோட்டார் சைக்கிள் வாலிபர்கள். தலைக்கவசம் வண்டியின் கைப்பிடியில் தொங்கும். தலை காற்று வாங்கும்.

அந்த ரஸ்தாவோரத்துப் பட்டறை ஒன்றில் நான் கேட்ட சம்பாஷணை இது. வண்டியை விற்க வந்த வாலிபனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். பட்டறைக்காரருக்கு ஐம்பது.

“பேரு மாத்த முடியாதாம்ணே. நாலு அபராதம் நிக்குதாம்.”

“எவ்வளவு தம்பி?”

“நாலாயிரம். மூணு ஹெல்மெட்டு, ஒண்ணு டிரிபிள்ஸ்.”

“கட்டிட்டுப் போய்யா. வாங்குறவன் காத்துக்கிட்டு இருக்கான்.”

“எதுக்குண்ணே கட்டணும்? எங்க மச்சான் பெங்களூர்ல இருக்கான். அஞ்சாயிரம் நின்னுச்சு. ரெண்டாயிரத்து ஐந்நூறு கட்டிட்டு வந்துட்டான். இங்கயும் எலெக்‌ஷன் வந்தா அறிவிப்பாங்க. பொறுத்தா பாதி மிச்சம்.”

“அறிவிக்கலைன்னா?”

“அறிவிப்பாங்கண்ணே. எத அறிவிக்காம விட்டாங்க?”

பட்டறைக்காரர் பதில் சொல்லவில்லை. அதற்கு முந்திய மாதம்தான் அவர் ஆயிரம் ரூபாய் கட்டியிருந்தார், முழுசாக.

அந்தப் பையன் மீது எனக்குக் கோபமில்லை. அவன் கணக்குப் போடத் தெரிந்தவன். அவனுடைய கணக்கு சரியாக வரும்படி ராஜ்யங்கள் நடந்துகொள்ளுகின்றனவே, அதன் மீதுதான் கோபம்.

“ஓய், விவசாயக் கடனைத் தள்ளுபடி செய்தபோது கைதட்டினீர், இதற்கு மட்டும் ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தஞ்சாவூர்ச் சீமைக்காரனுக்குத் தள்ளுபடி என்ற சொல் புதிதல்ல. தாத்தா காலத்தில் அதற்கு வஜா என்று பெயர். தண்ணீர் வராமல் பயிர் கருகினாலும், அளவுக்கு மேல் வந்து பயிர் அழுகினாலும், கர்ணம் எழுதிய அடங்கலைப் பார்த்து ஜமாபந்தியில் நிலவரியை வஜா செய்வார்கள். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு சர்க்கார் கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. அதிலும் சரியாகக் கட்டியவன் ஏமாந்தான் என்ற முணுமுணுப்பு இருக்கத்தான் செய்தது. அது பொய்யான முணுமுணுப்பும் அல்ல. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மழை பெய்யாதது விவசாயி செய்த குற்றமல்ல. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்காமற் போனால் அதற்கு அவன் பொறுப்பாளி அல்ல. விளையாத நிலத்துக்கு வரி கேட்பது அநியாயம் என்பதால் வஜா ஒரு நியாயம். சிவப்பு விளக்கு எரியும்போது வண்டியை விட்டவன் எந்த வறட்சியினால் விட்டான்? எந்தப் புயல் அவன் தலைக்கவசத்தைக் கைப்பிடியில் கொண்டு போய் மாட்டிற்று?

கடன் என்றால் கொடுக்கல் வாங்கல். நூறு கொடுத்தவன் ஐம்பது வந்தாலே போதும் என்று தலைமுழுகலாம். அது அவன் பணம், அவன் இஷ்டம். அபராதம் அப்படியல்ல. சர்க்காருக்கு நாம் ஆயிரம் ரூபாய் பாக்கி என்பதற்காக அதைப் போடவில்லை. ‘இன்னொரு தடவை இப்படிச் செய்யாதே’ என்று சொல்லுவதற்காகப் போட்டது. அந்த வாக்கியத்தில் எப்படிப் பாதியைத் தள்ளுபடி செய்வது? ‘இன்னொரு தடவை’ என்பதை வைத்துக்கொண்டு ‘செய்யாதே’ என்பதை விட்டுவிடுவதா?

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர் இருக்கிறார். மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மாயவரத்தில் டாக்டர் வீட்டுக்குப் போனார். அவர் தலையில் கவசம் இருந்தது. அந்த அம்மாள் தலையில் மல்லிகைப்பூதான் இருந்தது. பின்னால் உட்காருகிறவரும் போட வேண்டும் என்பது சட்டம். ஆயிரம் ரூபாய் என்று கைபேசிக்குச் செய்தி வந்தது. அன்று சாயங்காலமே பேரனைக் கொண்டு கட்டச் சொல்லி, ரசீதை அச்சடித்து வாங்கி டைரிக்குள் வைத்துக்கொண்டார். மறுவாரம் அம்மாளுக்கும் ஒரு கவசம் வந்துவிட்டது. அபராதம் என்ன வேலையைச் செய்வதற்காக ஏற்பட்டதோ அந்த வேலை பூர்த்தியாயிற்று. இப்போது பாதித் தள்ளுபடி வந்தால் சர்க்கார் இவருக்கு என்ன சொல்லுகிறது? ‘ஐயா, அவசரப்பட்டுவிட்டீர். உம்மைப் போன்றவரிடம் ஆயிரம், உம்மை மதிக்காதவனிடம் ஐந்நூறு’ என்று சொல்லுகிறது. அபராதம் தப்பு செய்தவனுக்குப் போடுவது. தள்ளுபடிக்குப் பிறகு, யோக்கியமாக நடந்துகொண்டதற்கும் சேர்த்து ஐந்நூறு ரூபாய் அபராதம் என்றாகிறது.

சலுகையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சலுகையில் இரண்டு ஜாதி உண்டு. தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் நூற்றுக்கு 5, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, குறைத்துக்கொள்ளுகிறார்கள். இங்கிலாந்தில் வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்கு அபராதச் சீட்டு ஒட்டினால், 14 நாளுக்குள் கட்டுகிறவர் பாதி கட்டினால் போதும், தாமதித்தால் முழுசும். முந்தி வந்தவனுக்குச் சலுகை, பிந்தி வந்தவனுக்கு இல்லை. நாம் பேசிக்கொண்டிருக்கிற சலுகையோ பிந்தி வந்தவனுக்குத்தான். எவ்வளவு பிந்துகிறானோ அவ்வளவு நல்லது. தெலங்கானாவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் 2022இல் கட்டியிருந்தால் 25 ரூபாய். அப்போதும் அசையாமல் இருந்து 2023 டிசம்பரில் கட்டியிருந்தால் அதே 100 ரூபாய் அபராதத்துக்கு 20 ரூபாய். முதல் தள்ளுபடியைக்கூட மதிக்காதவருக்கு மேற்கொண்டு ஐந்து ரூபாய் பரிசு!

ஒரு தடவை செய்தால் கருணை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவைதான் விஷமம். முதல் தடவை ஜனங்களுக்கு ஆச்சரியம். இரண்டாவது தடவை அவர்களுக்கு வழக்கம் தெரிந்துபோகிறது. மூன்றாவது தடவை வராவிட்டால் ‘ஏன் இன்னும் வரவில்லை?’ என்று உரிமையோடு கேட்பார்கள்.

இதில் மனித சுபாவம் எப்படி வேலை செய்கிறது என்று இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் சோதித்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். குழந்தைக் காப்பகங்களில் சாயங்காலம் பிள்ளையை அழைத்துப் போகப் பெற்றோர் சிலர் தாமதமாக வருவது வழக்கம். ஆயாமார் காத்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தாமதத்துக்குச் சிறு அபராதம் என்று சில காப்பகங்களில் ஏற்படுத்தினார்கள். தாமதம் குறையும் என்றுதானே நாம் நினைப்போம்? ஏறத்தாழ இரண்டு மடங்காயிற்று. அதுவரை ‘ஐயோ, அந்த அம்மாள் காத்திருப்பாளே’ என்று ஓடி வந்தவர்கள், இனிமேல் ‘அதற்குத்தான் பணம் கொடுக்கிறோமே’ என்று சாவகாசமாக வந்தார்கள். தப்பாக இருந்தது விலையாகிவிட்டது. பிற்பாடு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் மட்டும் குறையவில்லை. போன வெட்கம் திரும்பி வரவில்லை.

சின்ன அபராதமே இப்படி விலையாக மாறும் என்றால், தள்ளுபடி செய்த அபராதம் என்னவாகும்? அது மலிவு விலை. தலைக்கவசம் இல்லாமல் காற்று வாங்கிக்கொண்டு போக 1,000 ரூபாய் டிக்கெட். கொஞ்சம் பொறுத்தால் 500.

நடு வெயிலில் நிற்கும் போலீஸ்காரரை நினைத்துப் பாருங்கள். போலீஸ்காரர்களைப் பற்றிப் பரிந்து பேசுவது எழுத்தாளர்களுக்கு வழக்கமல்ல; இருந்தாலும் பேசுகிறேன். வண்டியை நிறுத்தினால் ஒருவன் எம்.எல்.ஏ. பெயரைச் சொல்லுகிறான், ஒருவன் கைபேசியில் படம் பிடிக்கிறான், ஒருவன் நிறுத்தாமலே போகிறான். இத்தனைக்கும் நடுவில் அவர் நம்பரைக் குறித்து அபராதம் போடுகிறார். ஆறு மாதம் கழித்து அவருடைய மேலதிகாரிகளே, அதில் முக்கால் பங்கு வேண்டாம் என்கிறார்கள். அடுத்த நாள் எந்த முகத்தோடு அவர் கையை நீட்டி வண்டியை நிறுத்துவது?

ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இதுதான் தள்ளுபடிக்காரர்களின் பலமான வாதம். இதை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வராது. 2019இல் மத்திய சர்க்கார் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதங்களை ஏற்றியது. தமிழ்நாட்டில் அந்தப் புது விகிதம் 2022 அக்டோபரில் வந்தது. தலைக்கவசம் இல்லாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆயிற்று. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நாற்று நடுகிறவளின் மகனுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு. நெல் மில் முதலாளியின் மகனுக்கு அது ஒரு சாயங்காலச் சிற்றுண்டி. ஒரே குற்றம், ஒரே தொகை. ஆனால் ஒரே தண்டனை அல்ல.

வாஸ்தவம். ஆனால் தள்ளுபடி இதைச் சரி செய்கிறதா? மில் முதலாளியின் மகனுக்கும் அதே பாதி. அவன் மோட்டார் சைக்கிளில் போயிருந்தால் அவனுக்கும் எண்பது சதவிகிதம். வண்டியைத்தான் கேட்டார்கள், வருமானத்தைக் கேட்கவில்லை. ஏழைக்கு இரங்குகிறவர்கள் பின்லாந்தைப் பார்க்கட்டும். அங்கே 1921லிருந்து வருமானத்தைப் பொறுத்து அபராதம். 2023இல் அந்த நாட்டைச் சேர்ந்த ஆலண்டுத் தீவுகளில் ஒரு கோடீசுவரர், 50 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 82இல் போனார். அபராதம் 1,21,000 யூரோ. நம் பணத்தில் கோடிக்கு மேல். அவருக்கும் அது மூன்று நாள் அடுப்பு போலத்தான் சுட்டிருக்க வேண்டும்.

அது நமக்குக் கட்டி வராது, இங்கே வருமானத்தை யார் உண்மையாகச் சொல்லுகிறார்கள் என்பீர்கள். சரி, அது வேண்டாம். ஆயிரம் ரூபாய் அதிகம் என்று தோன்றினால் பகல் வெளிச்சத்தில் சட்டப்படி அதை ஐந்நூறாகக் குறையுங்கள். குஜராத் 2019 செப்டம்பரிலேயே அப்படிச் செய்தது. தலைக்கவச அபராதத்தை ஐந்நூறு என்று நிர்ணயித்தது. அதை ஒப்புக்கொள்ளுகிறேனோ இல்லையோ, அதில் ஒரு யோக்கியம் இருக்கிறது. இன்றைக்குக் கட்டுகிறவருக்கும் ஐந்நூறு, நாளைக்குக் கட்டுகிறவருக்கும் ஐந்நூறு. ஏழை கட்டக்கூடிய தொகையாகப் போட்டு, போட்ட தொகையை விடாமல் வாங்குங்கள். ஆயிரம் என்று மிரட்டிவிட்டு இருநூறுக்கு இறங்கி வருவது சந்தையில் மாடு வாங்குகிற தரகன் செய்கிற வேலை; அதற்குத் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொள்ளுவது ஒன்றுதான் பாக்கி.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றி யாருமே பேசுவதில்லை. குற்றமே செய்யாமல் அபராதம் வாங்கியவர்கள். வண்டியை மூன்று வருஷத்துக்கு முன்பே விற்றிருப்பார். வாங்கியவன் பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருப்பான். நம்பர் பலகையில் 3ஐ 8 என்று படித்திருப்பார்கள். குத்தாலத்தில் வீட்டுத் திண்ணையோரம் நிற்கிற வண்டிக்குக் கோயம்புத்தூரில் அபராதம் என்று செய்தி வரும். இவர்களுக்கு வேண்டியது தள்ளுபடியல்ல. ‘இது நானல்ல’ என்று சொல்ல ஓர் இடம். கேட்க ஒரு காது. பாதி கட்டினால் போதும் என்றதும் என்ன நடக்கிறது? ‘கோயம்புத்தூருக்கு யார் அலைவது, ஐந்நூறைக் கட்டித் தொலைத்துவிடுவோம்’ என்று கட்டிவிடுகிறார். கட்டியவுடன் அவர் குற்றவாளிதான்; ரசீது இருக்கிறது. குற்றவாளிக்குப் பாதித் தண்டனை, நிரபராதிக்கும் பாதித் தண்டனை. சமத்துவம் என்றால் இதுதான் போலிருக்கிறது! பழைய செலான்கள் மலையாய்க் கிடக்கின்றனவா? தாலூகாவுக்கு ஒரு மாஜிஸ்திரேட்டை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இதற்கென்றே உட்காரச் சொல்லுங்கள். தப்பாகப் போட்டதை முழுசாக அடிக்கட்டும். சரியாகப் போட்டதை முழுசாக வாங்கட்டும். நிஜமாகவே கையில் காசில்லாதவர் வந்து சொன்னால் முகத்தைப் பார்த்துக் குறைக்கட்டும், தவணை கொடுக்கட்டும். ஆளைப் பார்த்து இரங்குவதற்குத்தான் இரக்கம் என்று பெயர். பத்து லட்சம் நம்பர் பலகைகளுக்கு ஒரே நாளில் இரங்குவதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள், “அங்கேயும் உண்டு” என்று சொல்லுவார்கள். உண்டுதான். சவூதி அரேபியாவில் 2024 ஏப்ரல் 18க்கு முந்தைய அபராதங்களுக்குப் பாதி என்று அறிவித்தார்கள். அதன் கெடுவையும் ஒரு தடவை நீட்டி 2025 ஏப்ரல் வரை கொண்டு போனார்கள். ஆனால் போதையில் ஓட்டியவனுக்கும், வண்டியைச் சறுக்கவிட்டு வேடிக்கை காட்டியவனுக்கும், வெறி வேகத்தில் போனவனுக்கும் கிடையாது என்று கூடவே ஒரு கோடு கிழித்தார்கள். உயிர்ச்சேதம் பண்ணக்கூடிய குற்றத்தை விலை பேசக் கூடாது என்ற அளவு விவேகமாவது அங்கே இருந்தது.

மனுநீதிச் சோழன் கதையை இங்கே இழுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எல்லோரும் இழுத்து இழுத்து அந்தத் தேர்ச் சக்கரமே தேய்ந்துபோய்விட்டது. ஆனாலும் அது நம் சோழ நாட்டு முதல் மோட்டார் வழக்கு என்பதால் ஒரே ஒரு சங்கதி. அந்தக் கதையிலும் தள்ளுபடி யோசனை சொன்னவர்கள் இருக்கிறார்கள்: மந்திரிகள். கன்றைக் கொன்றதற்குச் சாஸ்திரத்தில் பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்து முடித்துவிடலாம் என்கிறார்கள். மந்திரிகள் அன்றும் மந்திரிகளாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கதை அதைவிடப் பொருத்தம். குத்தாலத்தின் பழைய பெயர் திருத்துருத்தி. ஸ்வாமிக்குச் சொன்னவாறு அறிவார் என்று பெயர். முனிவரின் மகளாகப் பிறந்த அம்பிகைக்கு வாக்குக் கொடுத்து, சொன்ன சொல் தவறாமல் வேத விதிப்படி வந்து கல்யாணம் செய்துகொண்டவர் என்பது ஸ்தல புராணம். சொன்னதைச் செய்வது கடவுளுக்கே பெரிய பட்டமாக இருக்கிறது பாருங்கள்! அந்தக் கோயிலுக்குத்தான் சுந்தரமூர்த்தி நாயனார் வந்தார். ஏன் வந்தார்? திருவொற்றியூரில் சங்கிலி நாச்சியாருக்கு ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்துவிட்டு, எல்லையைத் தாண்டினார். தாண்டிய இடத்திலேயே கண் இரண்டும் போயிற்று. அவர் சாதாரண ஆள் அல்ல. ஸ்வாமிக்கே தோழர், தூது அனுப்பும் அளவுக்குச் செல்வாக்கு. தண்டனை உடனே விழுந்தது. மன்னிப்போ மெள்ள மெள்ள, நடந்து நடந்து, பாடிப் பாடி வந்தது. வழியில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண். எங்கள் ஊர்க் குளத்தில் முழுகி உடம்பு நோய் தீர்ந்தது. திருவாரூர் போன பிறகுதான் மற்றொரு கண். ‘பங்குனி முப்பதுக்குள் பாடினால் அரைத் தண்டனை’ என்று யாரும் அவருக்குப் பறையடித்து அறிவிக்கவில்லை. தோழருக்கே அப்படி என்றால், எம்.எல்.ஏ.வின் தோழருக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?

பத்திரிகைச் செய்திகளைப் படிக்கும்போது என்னை உறுத்துகிற விஷயம் இன்னொன்று. தள்ளுபடி முடிந்ததும் ‘மகத்தான வெற்றி’ என்று போடுகிறார்கள். எதை வைத்து வெற்றி? இத்தனை கோடி வசூல் என்பதை வைத்து. அபராதத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதற்காகவா கண்டுபிடித்தார்கள்? 2022இல் இந்தியாவில் ரஸ்தா விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 17,884 பேர். அந்த வருஷம் விபத்துக்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே நமக்குத்தான் முதலிடம். தலைக்கவசம் இல்லாமல் போய் மாண்டவர்கள் மட்டும் இந்தியா முழுவதும் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். மனைவியாக இருக்கும், தங்கையாக இருக்கும், காலேஜ் சிநேகிதனாக இருக்கும். தள்ளுபடிக்குப் பிறகு ஹைதராபாத்தில் தலைக்கவசம் எத்தனை தலையில் ஏறிற்று, பெங்களூரில் எத்தனை பேர் சிவப்பு விளக்குக்கு நிற்க ஆரம்பித்தார்கள் என்று எந்த அறிக்கையிலாவது பெருமையாகச் சொன்னார்களா? கல்லாவை எண்ணினார்கள், அத்தோடு சரி.

பட்டறையில் பார்த்த அந்தப் பையனுடைய வண்டி இன்னும் விற்கவில்லை. அறிவிப்புக்காகக் காத்திருக்கிறான். காத்திருக்கும்போது வண்டி சும்மா நிற்குமா? அதில்தான் தினம் மாயவரத்துக்குப் போய் வருகிறான். தலைக்கவசம் கைப்பிடியில்தான் இருக்கிறது. நாலு ஐந்தானாலும் அவனுக்குக் கவலை இல்லை, எல்லாம் பாதிதானே.

தமிழ்நாட்டுச் சர்க்காருக்கு இதுவரை இந்த ஆசை வரவில்லை. வராமலே இருக்கட்டும். என்றைக்காவது அண்டை வீட்டைப் பார்த்து வந்துவிட்டதானால், அன்றைக்கு இரண்டு ஜன்னல்கள் திறக்க வேண்டும் என்று இப்போதே மனுப் போட்டு வைக்கிறேன். ஒரு ஜன்னலில் கட்டாதவர்கள் வந்து பாதியைக் கட்டட்டும். பக்கத்து ஜன்னலில், உரிய காலத்தில் முழுசும் கட்டியவர்கள் வருவார்கள்; அவர்களுக்கு மீதிப் பாதியைச் சர்க்கார் எண்ணித் திருப்பிக் கொடுக்கட்டும். உபாத்தியாயரிடம் சொல்லியிருக்கிறேன், டைரியில் இருக்கிற ரசீதைத் தொலைத்துவிட வேண்டாம் என்று. பட்டறைக்காரரிடம் ரசீது இல்லையாம்; எண்ணெய்க் கையோடு தொட்டு எழுத்து அழிந்துபோயிற்றாம். அவருக்கு நான் சாட்சி சொல்ல வருகிறேன்.